வலது கை நகங்கள்

நகவெட்டியின் அந்தச் 'சடக்' சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கல்லூரியில் படித்த வருடங்களில் கார்டன் ரீச்சில், பெரியப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன். எதிர்வீட்டு வங்காளத் தோழி நன்றாகப் பாடுவாள். துர்கா பூஜை மேடையில் அவள் பாட, நான் வெறும் விரல்களால் கிடார் மீட்டுவதாக ஏற்பாடு. கட்டைவிரல் தடித்த தந்திகளில் ஒரே சீராக நடக்க வேண்டும். அடுத்த மூன்று விரல்களும் அதன் இடைவெளிகளில் மெல்லிய தந்திகளைத் தொட வேண்டும். என் விரல்களோ கட்டைவிரலோடு சேர்ந்தே விழும். "ஆஸ்தே, ஆஸ்தே" என்று தோழி நிதானப்படுத்துவாள். மழைக்காலம் முழுக்க அந்த ஒரு பாட்டோடு மல்லுக்கட்டினேன். ஒருநாள் விரல்கள் தனித்தனியே போக ஆரம்பித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சத்தம் தெளிவாக எழுவதற்காக வலது கையில் நகம் வளர்த்திருந்தேன். இடது கையில் ஒட்ட வெட்டியிருப்பேன். பெரியப்பாவுக்கு அது கண்ணை உறுத்தியது. "சோறு வடிக்கிற கையில நகம் என்னத்துக்கு? பொம்பளப்புள்ளயா லட்சணமா இரு" என்பார். இதைச் சொன்ன மனிதர், காது குடைவதற்கென்றே சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார்! வீட்டில் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அஷ்டமி அன்று காலை, "கையக் காட்டு" என்றார். நீட்டினேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "இன்னிக்கு ஒரே ஒரு பாட்டு பெரியப்பா, அதுவரைக்கும் விடுங்க" என்று நான் கத்தக் கத்த, எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டார். பெரியம்மா தன் பாட்டுக்குத் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மாலையில் மேடையில் விரல் சதையால் மீட்டினேன். மைக் வைத்தும் சத்தம் முன்வரிசையைத் தாண்டவில்லை. "ஜோரே! ஜோரே!" என்று, சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து கூச்சல். கிடார் கேட்காமல் தோழி தாளம் தப்பிப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அதற்கும் கைதட்டியவர் பெரியப்பா ஒருவர்தான். வீடு திரும்பும்போது, "பாத்தியா, நகமில்லாமயே வாசிச்சிட்ட" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் தள்ளிவிட்டு முன்னால் நடந்தேன்.

இப்போது அதே ஊரில், கரியாஹாட்டில் தனியாக இருக்கிறேன். என் நகம், என் இஷ்டம். பெரியப்பாவுக்கு அடுத்த மாதம் எண்பது வயது. "எங்க வீட்டுலதான் அவ கிடாரே கத்துக்கிட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறாராம். பிறந்த நாளன்று நான் வாசிக்க வேண்டுமாம். பெரியம்மா போன் செய்தாள். முடியாது என்றேன்.

"வயசான மனுஷன். ஒரே ஒரு பாட்டுதானடி கேக்குறாரு?" என்றாள்.

"அன்னிக்கு நானும் ஒரே ஒரு பாட்டுதான் பெரியம்மா கேட்டேன்" என்றேன்.