நாயின் மாத்திரையும் என் தொப்பையும்

எங்கள் நாய்க்கான மாத்திரையை எனக்குத்தான் என்று பொய் சொல்லி மூன்று மாதம் வாங்கியவன் நான். சுண்டல் மடித்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவேன் என்று பெருமையடித்துக்கொள்கிற ஆள், அந்த மாத்திரை அட்டையின் பின்னால் சிவப்புக் கட்டத்துக்குள் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை மட்டும் படிக்கவில்லை.

நாய்க்கு அரிப்பு. ஆவடியிலுள்ள கால்நடை மருத்துவர் பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்து, முடிந்ததும் வந்து காட்டச் சொன்னார். இரண்டாம் நாளே சொறிவது நின்றது. பத்து நாள் கழிந்ததும் மறுபடி ஆரம்பித்தான். அவனை இழுத்துக்கொண்டு ஆவடி வரை யார் போவது? காலி அட்டையோடு, அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு எதிரிலிருந்த மெடிக்கலுக்குப் போனேன். நாய்க்கு என்றால் நாய் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். எனக்கு என்றேன். கொடுத்தார்கள். அப்படியே தொடர்ந்தது.

தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப நிரப்பக் காலி செய்தான். தெருவுக்கு இறங்குவதற்குள் அவசரம். தன் தட்டை நக்கி முடித்துவிட்டு என் தட்டைப் பார்த்தான். வயிறு தொங்கியது, முதுகில் முடி மெலிந்தது. வயசாகிறது என்று முடிவுகட்டினேன். எனக்கும் ஏறக்குறைய அதே நிலைமை என்பதால் சந்தேகமே வரவில்லை.

ஒருநாள் மதியம் கடையில் வழக்கமான ஆள் இல்லை. ஃபார்மசிஸ்ட் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான் மேடம். அரிப்பு."

"எத்தனை நாளா சாப்பிடறீங்க?"

"மூணு மாசமா."

அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதானே பார்த்தேன். மூஞ்சி உப்பிப்போய் கிடக்கு, வயிறு முன்னாடி வந்திருக்கு, முடியும் கொட்டிடுச்சு. எல்லாம் இந்த மாத்திரை பண்ற வேலை சார்."

இவை மூன்றும் மாத்திரைக்குப் பத்து வருடம் முன்பே என்னிடம் வந்து சேர்ந்தவை. சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"தண்ணி நிறைய குடிக்கிறீங்களா? பசி தாங்க மாட்டேங்குதா?"

அப்போதுதான் உறைத்தது. வீட்டில் படுத்திருந்தவனின் தொங்கிய வயிறு கண்முன் வந்து நின்றது. பொய்யை ஒப்புக்கொள்ள வெட்கம். பதில் சொல்லாமல் விடவும் பயம். அவனுக்காக நானே பதில் சொன்னேன்.

"ஆமாம் மேடம். சோபாவில ஏற முடியலை. ரெண்டு தடவை தாவிப் பார்த்து விழுந்துட்டேன்."

"சோபாவுக்கு எதுக்கு சார் தாவறீங்க?"

"பழக்கம்."

"யூரின்?"

"அடிக்கடி. நேத்து லிஃப்டுக்குள்ளேயே…"

எனக்குப் பின்னால் இருமல் மருந்துக்காகக் காத்திருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "பயந்துகிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. இவ்ளோ நாள் சாப்பிட்டதை சட்டுன்னு விட்டா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பாங்க."

வீட்டுக்குப் போனதும் மிச்ச மாத்திரையைக் குப்பையில் போடுவது என்றுதான், அவர் இதைச் சொல்வதற்கு முந்தின நிமிடம் சபதம் எடுத்திருந்தேன்.

அன்றே ஆட்டோவில் ஆவடிக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், யாருக்கு ஒடம்பு முடியல? ரெண்டு பேருமே மூச்சு வாங்கினு கீறீங்க."

மருத்துவர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்து, ரத்தம் எடுத்துச் சோதித்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, தொடைச் சதை கரைந்திருக்கிறது என்றார். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டு, "சட்டுன்னு நிறுத்தாம கூட்டிட்டு வந்தீங்களே, அந்த அறிவு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?" என்றார். எதிர்த்த மெடிக்கலிலிருந்து என்று சொன்னேன்.

அரை மாத்திரை, கால் மாத்திரை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்துக்கொண்டே வந்தார். அரிப்புக்கு வேறு மருந்து கொடுத்தார். அவனுக்குத் தாகம் மெல்லத் தணிந்தது. ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம், நான் படித்துக்கொண்டிருந்த சோபாவில் பின்னங்கால் ஒருமுறை வழுக்க, ஏறிவிட்டான். நேராக என் புத்தகத்தின்மேல் படுத்தான். பக்கத்தைத் திருப்பாமல் இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் அவன் பட்ட அவஸ்தைக்கு வயசு என்று பெயர் வைத்தவன்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் எதுவுமே செய்ததில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம் அந்த அம்மா. முன்பின் தெரியாதவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார். அதனால்தான் என் மடியில் இந்தப் பாரம் என்று தோன்றியது.

மறுநாள் அவனையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, இவன் பிழைத்தது உங்களால்தான் என்றேன். கவுண்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தவர், சட்டென்று ஸ்டூலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நாய்க்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்ளோ கேட்டிருக்கவே மாட்டேன் சார். எனக்கு நாய்னாலே புடிக்காது."