சிஸ்டர் திருப்பிக் கேட்காத சிவப்புக் கொடி

அமுதா, தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனிலிருந்து போன் செய்தாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் கூப்பிடுகிறவள் இல்லை.

"நைனா, சிஸ்டர் போய்ட்டாங்க."

"எந்த சிஸ்டர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த சிஸ்டர் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

 "சாயங்காலம் அடக்கம். நீ வர்றியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு" என்றாள். வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன்.

சிஸ்டர் லூர்துமேரியிடம் வாலிபால் ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கன்னியர் நடத்திய அந்தப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக அவர் எத்தனை வருடம் இருந்தார் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். என்னையும் நீங்கள் அறிவீர்கள். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவன், கோட்டு நடுவராகக் கொடி பிடித்தவன், பிறகு அவரை ஊரெல்லாம் ஏசியவன். ஆறாவதோடு படிப்பை விட்டு இரும்பு ஆலைக்குப் போனவன் நான். வாலிபால் விதிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே விளையாட்டையும் தமிழையும் கற்றேன்.

எங்கள் காலனி மைதானத்தில் ஆலைத் தொழிலாளர்களின் ஆட்டம் ஒன்றுக்கு நான் நடுவராக நின்றபோது, வெள்ளை அங்கிக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு கன்னியர் வந்து ஓரமாக நின்று பார்த்தார். ஆட்டம் முடிந்ததும், "அண்ணே, உங்க தம்பி ஆடின டீமுக்கு எதிராவே நாலு பாயின்ட் கொடுத்தீங்களே, எங்க பிள்ளைங்களுக்கு லைன் பாக்க வருவீங்களா?" என்று கேட்டார். அது என் தம்பி என்று அவருக்கு யார் சொன்னார்களோ. மறுநாளே போனேன்.

அவருடைய அணியில் ஒரு வழக்கம் இருந்தது. எதிரணி அடிக்கிற பந்து நம் விரலில் உரசி வெளியே போனால், நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், விசிலுக்குக் காத்திருக்காமல் பட்டவளே கை தூக்க வேண்டும். புள்ளி எதிரணிக்குப் போகும். போகட்டும் என்பார். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். "இன்னாடி, பஸ்ஸ நிறுத்துறியா? இங்க ஸ்டாப்பு இல்லடி" என்று கத்துவார்கள். நம் பிள்ளைகளுக்கு அழுகை வரும். சிஸ்டருக்குச் சிரிப்பு வரும்.

ஆட்டத்துக்கு முன் வலைக்கருகில் நின்று ஜெபம் சொல்வார்கள். வெற்றி கேட்டு ஜெபிக்க அவர் விட்டதில்லை. "ஆண்டவருக்கு அந்தப் பக்கமும் பிள்ளைங்கதான். அவரைச் சங்கடப்படுத்தாதீங்க" என்பார்.

ஒருமுறை ஒரு பெண் விரலில் படாத பந்துக்கும் கை தூக்கிவிட்டாள். பார்க்க வந்திருந்த பங்குச் சாமியார் கைதட்டினார். சிஸ்டர் அந்தப் பெண்ணை அழைத்து உட்கார வைத்தார். "படாததுக்குத் தூக்கினா அதுவும் பொய்தான். நல்லவளாத் தெரியறதுக்கு ஒரு பொய்" என்றார். சாமியாரின் கைகள் அப்படியே நின்றன. அன்றைக்கு சிஸ்டர்மேல் எனக்கு வந்த மரியாதையை வேறு யார்மேலும் நான் வைத்ததில்லை. அதனாலேயே பின்னால் கோபமும் அந்த அளவுக்கு வந்தது.

அமுதா பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், மாவட்ட இறுதி ஆட்டம் திருவள்ளூரில் நடந்தது. சென்னைக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் வந்திருந்தார். ஜெயித்த அணியிலிருந்து இரண்டு பேருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்பும் விடுதியும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அணியிலேயே உயரமானவள் அமுதா. ஜெயித்தால் அவளுக்கு இடம் நிச்சயம். தோற்றால் எங்கள் தெருப் பெண்கள் ஏறுகிற கம்பெனி பஸ்ஸில் அவளும் ஏற வேண்டியதுதான்.

கோட்டு நடுவர் ஒருவர் வரவில்லை. எதிரணி ஆசிரியரே என்னைக் காட்டி, "அந்தப் பெரியவர் நிக்கட்டும், அவர் சொன்னா ஒத்துக்கறோம்" என்றார். மகள் ஆடும் ஆட்டத்தில் அப்பா நடுவராக நிற்கக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொடியை என் கையில் கொடுத்தார்.

கடைசி செட்டில் பதினான்குக்குப் பதின்மூன்று என்று முன்னால் இருந்தோம். எதிரணிப் பெண் ஓங்கி அடித்தாள். அமுதா தடுக்க எம்பினாள். பந்து அவளைத் தாண்டி என் மூலைக்கு வெளியே விழுந்தது. நான் கொடியை உயர்த்தினேன்: யார் கையிலும் படாமல் வெளியே. புள்ளி எங்களுக்கு, கோப்பை எங்களுக்கு. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

சிஸ்டர் வலைக் கம்பத்துக்கு அருகே நின்றிருந்தார். அவர், அமுதா, நான், மூவரும் ஒரே கோட்டில். அவர் எங்கள் பக்கம் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அமுதா கை தூக்கினாள்.

புள்ளி மாறியது. அடுத்த இரண்டு புள்ளிகளும் போயின, கோப்பையும் போயிற்று.

வேனுக்கு அருகில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போது சத்தம் போட்டேன். "கண்ணால மெரட்டியே கைய தூக்க வெச்சிட்டீங்க. உங்களுக்குப் புள்ளையா குட்டியா? எம் பொண்ணு வாழ்க்கையில வெளாடிட்டீங்களே!" சிஸ்டர், "அண்ணே, வெயில்ல நிக்காதீங்க. வண்டியில ஏறுங்க" என்று மட்டும் சொன்னார். நான் ஏறவில்லை. கொடியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு பேருந்தில் வீடு வந்தேன்.

அதன்பின் அந்த மைதானத்தில் நான் கால் வைக்கவில்லை. டீக்கடையிலும் ஆலை வாசலிலும் நான் சொன்ன கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும்: சாமியாரிடம் நல்ல பேர் வாங்க ஒரு சிஸ்டர் ஏழைப் பெண்ணின் படிப்பைக் கெடுத்தார் என்று. சந்தையில் எதிரே வந்தால், "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மறுமுறையும் அதையேதான் கேட்பார். ஒருமுறை மட்டும் வழியை மறித்து, "என்மேல கோபமா இருங்க, பரவாயில்ல. வீட்ல அமுதாகிட்ட முகம் கொடுத்துப் பேசுங்க" என்றார். நான் விலகி நடந்தேன்.

போன் வந்த அன்று சாயங்காலம், அடக்கத்துக்குப் போய், கோயிலுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றேன். நீங்கள் பலர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனீர்கள். அமுதா கம்பெனிச் சீருடையோடு வெளியே வந்தாள்.

"உள்ள வா நைனா."

"என்னை இன்னாத்துக்குக் கூப்டற? அவங்க அப்படிப் பாக்காம இருந்தா நீ காலேஜு போயிருப்ப."

"என்னை எங்க பாத்தாங்க?" என்றாள். "உன் கொடியத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. நான் கை தூக்கலன்னா ரெஃப்ரி உன்னைக் கூப்ட்டுக் கேட்டிருப்பாரு. நீ அத்தினி பேரு எதிர்ல படலன்னு சொல்லியிருப்ப. சொல்லியிருக்க மாட்டியா?"

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன்; அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நைனா ஊரெல்லாம் உங்களத் திட்டிக்கினு திரியறாரு, நான் உண்மையச் சொல்லிடட்டான்னு சிஸ்டர்கிட்ட எத்தினி தபா கேட்டேன் தெரியுமா? 'அது அவர் கை. அவர்தான் தூக்கணும்'னு சொல்லிட்டாங்க."

பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். அமுதா ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கையில் சுண்டுவிரல் மட்டும் படியாமல் விலகி நின்றது. அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலை அது வீங்கிப் போய், அவள் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். அன்றிலிருந்து அது நேராகவில்லை. எனக்குச் சோறு போடும்போது தட்டின் ஓரத்தில் அந்த விரல்தான் தெரியும். சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

அந்தக் கல்லூரி இடம் என் மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். அதில் யாரும் என்னை மாற்ற முடியாது. அப்பன் கையில் கொடி கொடுத்தது சிஸ்டரின் தவறு என்றும் சொல்வேன். என்னை அவ்வளவு நம்பியிருக்கக் கூடாது.

உருக்காலை இரைச்சலில் காது பாதி கேட்காமல் போனவன் நான். பக்கத்தில் நின்று கூப்பிட்டால்கூடச் சரியாக விழாது. ஆனால் முப்பதடி தூரத்தில் ஒரு விரல் நுனியில் பந்து உரசிய சத்தம் மட்டும் போகவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டினாலும் அதுதான். சுவரில் பல்லி விழுந்தாலும் அதுதான். உடனே வலைக் கம்பத்துக்கு அருகில் கேன்வாஸ் ஷூவோடு அவர் நிற்கிறார். இன்னும் வாய் திறக்கவில்லை. இப்போது பார்வை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சிவப்புக் கொடி ஒன்றுதான். பரணில், பழைய விதிப் புத்தகத்தோடு கிடக்கிறது. பள்ளிச் சொத்து. அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

பந்து அமுதாவின் சுண்டுவிரலில் பட்டது. நான் பார்த்தேன்.