கடலோரத்தில் அப்பா வெட்டிய கிணறு

வடகரப்பதியில் எங்கள் தோட்டத்தில் அப்பா வெட்டிய கிணறு அறுபதடியில் பாறையில் முட்டி நின்றது. பொட்டுத் தண்ணீர் இல்லை. கிணறு வெட்ட வந்தவர்கள் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகு அப்பா யாரோடும் பேசவில்லை. ஒரு மாதம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு விடிகாலையில், "கட்டுச்சோறு கட்டு புள்ள, கடலைப் பாத்துட்டு வரலாம்" என்றார். அம்மா உடனே புளிச்சோறு கிளறினாள். எனக்கு ஏழு வயது, கடல் என்றால் போதும்.

மூன்று பஸ் மாறி, தென்னந்தோப்புக்குள் நடந்து, ஒரு பெட்டிக்கடைகூட இல்லாத கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களையும் நண்டுகளையும் தவிர அங்கே யாருமில்லை. மதியம்வரை அலையில் ஆடினேன். அம்மா புளிச்சோற்றைப் பிரித்தாள். கால் கழுவாமல் சோற்றுக்கு உட்காரக் கூடாது என்று வளர்த்த பிள்ளையாயிற்றே! தூக்குப்போசியில் கொண்டுவந்த குடிதண்ணீர் முழுவதையும் காலில் ஊற்றிக் கழுவினேன், அத்தனை பெரிய கடலை எதிரில் வைத்துக்கொண்டு.

புளிச்சோறு தொண்டையை வறட்டியது. அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். அப்பா எழுந்து தோப்போரம் போய், ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டுவதுபோல் கொட்டாங்குச்சியால் தோண்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்க, கடலோரத்துல..." என்றாள் அம்மா.

"இங்கயும் வராமப் போயிருமா, பாத்தர்றேன்" என்றார் அவர், நிமிராமலே.

முழங்கையாழத்தில் தண்ணீர் கசிந்து நின்றது. அப்பா மொண்டு முதலில் அம்மாவிடம் நீட்டினார். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எளநி மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

அடுத்தது எனக்கு. உப்பென்றால் அப்படியொரு உப்பு! "உப்..." என்று ஆரம்பிப்பதற்குள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

"எப்படி இருக்குது அம்மிணி?" என்றார் அப்பா.

"இனிக்குதுங்கப்பா" என்றேன், கண்ணில் நீர் முட்ட. உண்மையைச் சொல்லப்போனதற்குக் கிள்ளு வாங்கிய ஆத்திரம் எனக்கு.

கடைசியில் அப்பா குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். "ஆமா புள்ள, எளநியேதான்" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டில் கேட்டு வாங்கி மூன்று பேரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தோம். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் இனித்த தண்ணீர் எனக்கு மட்டும் உப்பாக இருந்ததே, அப்படியானால் கோளாறு என் நாக்கில்தானே? ஊர் வரும்வரை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.