ஜார் கழுவின தண்ணீர்

அக்காவும் தங்கையும் ஒரே அடுப்படியில் ஒத்துப்போவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒத்துப்போகாது. ஒருத்தியை ஒருத்தி பொறுத்துப்போவார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டு பேரும் அப்படிப் பொறுத்துப் பொறுத்தே வருஷக்கணக்காக விருந்துச் சமையல் செய்து பிழைத்தவர்கள். அக்கா சமைப்பாள். சின்னவள் ஆர்டர் பிடிப்பாள், ஆட்களோடு பேசுவாள், பரிமாறுவாள், ஏதாவது தப்பு நடந்தால் திட்டும் வாங்குவாள். சின்னவளின் புருஷன் வேன் ஓட்டுவான், நடுநடுவே கேலி பேசுவான். அதுவும் ஒரு வேலைதான் என்பது அவன் கட்சி.

அக்காவின் கைப்பக்குவத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் நம்பப்போவதில்லை, சாப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். ஆனால் அவளுடைய சிக்கனத்தைச் சொல்லியே ஆகவேண்டும். மிக்ஸியில் எதை அரைத்தாலும் வழித்துப் போட்ட பிறகு ஜாரை அப்படியே கழுவவிடமாட்டாள். அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, பக்கத்தில் எந்தப் பாத்திரம் கொதிக்கிறதோ அதில் ஊற்றிவிடுவாள். "ஒட்டிக்கிட்டு இருக்கறதுலதான்டி ருசியே இருக்கு" என்பாள். ருசி மட்டும் காரணமில்லை. அம்மா போன பிறகு, அடுத்த வேளைச் சோற்றுக்கே ததிங்கிணத்தோம் போட்ட வீட்டில், சின்னவளுக்குத் தன் பங்கையும் ஊட்டி வளர்த்தவள் அவள். ஜாரில் ஒட்டியதைத் தொட்டியில் கொட்டுவது அவளுக்குச் சோற்றைக் காலால் மிதிப்பது மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மாவின் ஆர்டர் வந்தது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் மதியம் ஒரு ஹாலில் கூடிச் சாப்பிடப்போகிறார்கள். ஆர்டர் நல்ல ஆர்டர்தான். ஆனால் டாக்டரம்மா போனில் சொல்லச் சொல்ல, சின்னவளுக்குத் தலை சுற்றியது. மாமனாருக்குக் கோதுமை ஆகாது. நாத்தனாருக்குப் பால், தயிர், நெய் எதுவும் ஒத்துக்கொள்ளாது. ஒரு அண்ணனுக்குச் சர்க்கரை, இன்னொரு அண்ணனுக்கு உப்பு குறைக்கவேண்டும். யாரோ ஒருத்திக்கு முட்டை பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். கடைசியாக, டாக்டரம்மாவின் தங்கை மகள், சின்னப் பெண், அவளுக்கு முந்திரி, பாதாம், வேர்க்கடலை, எந்தப் பருப்புக் கொட்டையும் கூடவே கூடாது.

"இது விருந்தா, ஆஸ்பத்திரி வார்டா?" என்றான் புருஷன். "நான் வேன் கொண்டு வரவா, ஆம்புலன்ஸ் கொண்டு வரவா?"

"வாயைக் கழுவுங்க முதல்ல" என்றாள் சின்னவள்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். "நம்ம வீட்டுல யாருக்கு இருந்துச்சு அலர்ஜி? இருந்ததெல்லாம் பசிதான். பசிக்கு எல்லாமே ஒத்துக்கும்."

"அக்கா, இது செல்லம் கொஞ்சற விஷயம் இல்ல."

"நான் எதுவும் சொல்லலைம்மா. நீ சொல்றதைச் செய்யறேன்."

சின்னவளுக்குப் பயம் பிடித்தது அதற்கு மறுநாள். அந்தக் குழந்தையின் அம்மாவே போன் செய்தாள். குரல் தணிந்திருந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்க. என் பொண்ணு வெளியில சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. யாரோ பாசமா ஒரு பிஸ்கட் குடுத்தாங்க, அஞ்சே நிமிஷத்துல தொண்டை அடைச்சு மூச்சு நின்னுபோச்சு. அன்னைக்கு இருந்து எங்க போனாலும் டப்பாவுல கட்டிக்கிட்டுதான் போறோம். எல்லாரும் சாப்பிடறப்ப அவ மட்டும் டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. இந்தத் தடவையாவது எல்லார்கூடவும் சாப்பிடட்டுமேன்னு எங்கக்கா சொல்றாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

இந்த இடத்தில் சின்னவள் "டப்பாவே கொண்டு வாங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் அவள் மனதில் வந்து ஒட்டிக்கொண்டாள். "கவலைப்படாதீங்கம்மா. உங்க பொண்ணுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு நின்றாளா? அதுதான் இல்லை. டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டு, "உங்க அக்காவோட அந்த முந்திரி கிரேவி இல்லாம விருந்தா? மத்தவங்களுக்காவது அது வேணும்" என்றபோது அதற்கும் சரி என்றாள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்! கரணம் தப்பினால் மரணம் என்கிற இடத்தில் ஒரே அடுப்படிக்குள் முந்திரியையும் அந்தக் குழந்தையின் சாப்பாட்டையும் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். நாளைக்கு அக்காவை யாராவது குறை சொல்ல வந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. குழந்தைக்கென்று புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, புதுப் பலகை. எல்லாவற்றுக்கும் சிவப்பு ரிப்பன். கோதுமை ஆகாதவருக்குப் பச்சை, பால் ஆகாதவருக்கு நீலம். முதலில் குழந்தையின் சாப்பாடு, அது முடிந்து மூடி போட்ட பிறகுதான் முந்திரிப் பையையே பிரிப்பது. இதை அக்காவிடம் சொன்னாள், திரும்பச் சொன்னாள், வேனில் போகும்போது மறுபடியும் சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் அக்கா.

ஹாலுக்குப் பின்னால் நீளமான சமையலறை. வரிசையாக அடுப்புகள், ஒரே ஒரு தொட்டி, கிரீச் கிரீச்சென்று அரற்றிக்கொண்டு சுற்றும் ஒரு மின்விசிறி. குழந்தைக்கு கேரட் சூப், சோறு, வேகவைத்த காய். அக்கா சொன்னபடியே செய்தாள். சூப்பை மூடி, ரிப்பன் கட்டிய கரண்டியை மேலே வைத்து, கடைசி அடுப்பில் சிறுதீயில் விட்டாள். அதன் பிறகுதான் முந்திரியை ஊறவைத்தாள். சின்னவளுக்கு மூச்சு வந்தது. பரிமாறும் மேஜைகளைப் பார்க்க ஹாலுக்குப் போனாள்.

போன இடத்தில் டாக்டரம்மாவின் மாமனார் பிடித்துக்கொண்டார். "யாரும்மா சொன்னது எனக்கு ரொட்டி ஆகாதுன்னு? எனக்கு என்ன வியாதியா? கொண்டா ஒரு ரொட்டி!" என்று ஒரே ரகளை. அவரைச் சமாதானப்படுத்தி, பச்சை ரிப்பன் தட்டின் முன்னால் உட்காரவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. குழந்தை ஜன்னலோர மேஜையில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கிண்ணத்தில் ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பக்கத்திலேயே நின்றாள், கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். அதற்குள்தான் மூச்சடைத்தால் போடும் ஊசி மருந்து இருக்கிறது என்று சின்னவளுக்குத் தெரியும்.

சூப்பை எடுத்துப்போகச் சமையலறைக்கு வந்தாள். மூடியைத் திறந்தாள். கரண்டியை விட்டுத் தூக்கினாள். சூப் கரண்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் போகும்போது கெட்டியாக இருந்த சூப்.

"அக்கா, இதுல தண்ணி விட்டியா?"

"ஆமா. கெட்டியாயிடுச்சு. கொஞ்சம் விட்டேன்."

"என்ன தண்ணி?"

"என்ன தண்ணியா? தண்ணிதான்டி. வெந்நீர்."

மிக்ஸி ஜார் கழுவித் துணிமேல் கவிழ்த்து வைத்திருந்தது. முந்திரி கிரேவி பக்கத்து அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"ஜார் கழுவின தண்ணி எங்க போச்சு?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரமில்லை, ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தைத்தான் சின்னவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அகப்பட்டுக்கொண்டவள் தயங்கியதா, அவமானப்பட்டவள் தயங்கியதா? இரண்டுக்கும் முகம் ஒரே மாதிரிதானே ஆகிறது.

"தொட்டியில ஊத்தினேன்" என்றாள் அக்கா.

சின்னவள் தொட்டியைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. தொட்டி ஈரமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். சோப்பு வாசனைதான். அக்கா அதையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மறந்தாப்பல கை ஊத்தியிருக்குமாக்கா? யோசிச்சுச் சொல்லு. உன்னைத் திட்டமாட்டேன். சத்தியமா."

"தொட்டியிலதான்னு சொல்றேன்ல. என் வாயில இருந்து பொய் வந்து பாத்திருக்கியா நீ?" அக்கா ஒரு டம்ளரில் சூப்பை ஊற்றி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "குடி. குடிச்சுப் பாத்துச் சொல்லு, முந்திரி இருக்கான்னு. உனக்கு நாக்கு இருக்கில்ல?"

குடித்தாள். கேரட், மிளகு, உப்பு. கொஞ்சம் அதிகமாக நீர்த்திருந்தது. நல்ல சூப். அரை டம்ளர் தண்ணீரில் கலங்கிய முந்திரி அவ்வளவு சூப்பில் எந்த நாக்குக்குத் தெரியும்? ஆனால் அந்தக் குழந்தையின் தொண்டைக்குத் தெரியும்.

அக்கா பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. நிஜம். அக்கா ஜார் தண்ணீரைக் கொட்டியும் அவள் பார்த்ததில்லை. அதுவும் நிஜம். இரண்டில் ஒன்று இன்றைக்கு உடைந்திருக்கிறது. எது என்று தெரியாது. கண்டுபிடிக்க நேரமும் இல்லை. ஹாலில் ஸ்பூன் தட்டும் சத்தம் இங்கேவரை கேட்டது.

"ஏம்மா! சூப் எங்க? பிள்ளைங்க காத்திருக்கு" என்றபடி டாக்டரம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே குழந்தையின் அம்மாவும் வந்துவிட்டாள்.

சின்னவள் பாத்திரத்தைத் தூக்கினாள். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் அக்கா நின்றாள். வழிவிடவில்லை. "என் வார்த்தைக்கு மதிப்பில்லையாடி?" என்று மெதுவாகத்தான் கேட்டாள், மற்றவர்கள் காதில் விழாத மாதிரி.

"தள்ளிக்கோ அக்கா."

தள்ளிக்கொண்டாள். சின்னவள் சூப் முழுவதையும் தொட்டியில் கவிழ்த்தாள். சோற்றையும் காயையும்கூட விடவில்லை, அதே கரண்டி அதிலும் பட்டிருக்கலாம். ஆவி எழும்பி முகத்தில் அடித்தது.

"என்னங்க பண்றீங்க? பைத்தியமா?" என்று டாக்டரம்மா கத்தினார்.

"இதுல முந்திரித் தண்ணி பட்டிருக்கலாம்னு எனக்குச் சந்தேகம். பட்டுச்சான்னு தெரியாது. குழந்தைக்குத் தரமாட்டேன்."

"யார் ஊத்தினாங்க?"

சின்னவள் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, அங்கே இருந்த சமையல்காரி ஒருத்திதான். மூன்று பேருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

குழந்தையின் அம்மா காரில் ஒரு டப்பா வைத்திருந்தாள் போல. அவள் எப்படி இல்லாமல் வருவாள்? போய் எடுத்துவந்தாள். ஜன்னலோர மேஜையில் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட, அந்தப் பெண் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு முந்திரி கிரேவியை எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாசமாய்ப் போன கிரேவி, அவ்வளவு ருசியாக இருந்தது.

திரும்பும்போது வேனில் புருஷன்கூட வாயைத் திறக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள், வெங்காயம் உரித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னவள் ஒரு வாய்த் திட்டுக்காக ஏங்கினாள்.

அடுத்த வாரம் குழந்தையின் அம்மா போன் செய்தாள். சின்னவள் திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தாள்.

"அன்னைக்கு எனக்குப் பேச வாய் வரலைங்க. வீட்டுக்கு வந்துதான் யோசிச்சேன். இத்தனை நாள்ல எல்லாரும் என்கிட்ட 'ஒண்ணும் ஆகாது, குடுங்க'ன்னுதான் சொல்லியிருக்காங்க. கொட்டினவங்க நீங்க ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை என் பொண்ணோட ஃபிரண்ட்ஸ் வீட்டுக்கு வர்றாங்க. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, அவ சாப்பிடறதே எல்லாருக்கும். எங்க வீட்டு அடுப்புலயே வந்து சமைச்சுத் தருவீங்களா? ஆனா ஒண்ணு. நீங்க மட்டும் வரணும். உங்க அக்கா வேண்டாம்."

"சரிங்க" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அதுதான் அவளுக்கு வலித்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அக்கா நிற்கிறாள், கையில் உரித்த வெங்காயத் தட்டோடு.

"யாரு? ஆர்டரா?"

"ஆமாக்கா. சின்னதுதான். பிள்ளைங்களுக்கு."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. நானே பாத்துக்கறேன். நீ ஒருநாள் ரெஸ்ட் எடு."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தாள். வெங்காயம் உரித்த கண்தான், வேறொன்றுமில்லை என்கிற மாதிரி கையைத் திருப்பிப் புறங்கையால் துடைத்தாள்.

"நான் நிஜமாவே தொட்டியிலதான்டி ஊத்தினேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ என்னையும் கூட்டிட்டுப் போ."

சின்னவள் வாயைத் திறந்தாள். தன் பங்குச் சோற்றை ஊட்டி வளர்த்த கை எதிரே நின்றது, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் வா என்று சொல்ல வேண்டும்போல நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்ல வரவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தனியாகத்தான் போனாள். அந்தப் பெண் எல்லோரோடும் உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள்.