புகைக்காரர் வீட்டுத் தேனீக்கள்

"கொசு மருந்து அடிக்கிற ஆளு தேனீ வளர்க்கலாமா?"

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கேட்டது என் மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி, எங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர். நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை. தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் புகை அடிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் புகைக்காரர். சொந்தப் பெயர் சொல்லித் தேடி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரே யோசிப்பார்.

தேனீக்கள் வந்ததும் அந்த வேலையால்தான். ஓர் அலுவலகத்தின் மின் மீட்டர் பெட்டிக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. மருந்தடித்துக் கொல்லச் சொல்லி மாமாவை அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தார், அடிக்க மனம் வரவில்லை. தேனீ வளர்க்கும் ஒருவரைக் கூட்டி வந்து, கூட்டை மரப்பெட்டிக்கு மாற்றி வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார்.

"ஆபீஸ்ல இருந்து எல்லாரும் பேனா பேப்பர் எடுத்துட்டு வருவாங்க. இவரு தேனீ எடுத்துட்டு வந்திருக்காரு" என்று அத்தை அம்மாவிடம் சொன்னார்.

மொட்டை மாடியில் வைத்த ஒரு பெட்டி பெருகி மூன்றாயிற்று. மாமா வேலை உடுப்பை நகராட்சிக் கிடங்கிலேயே கழற்றி வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் மொட்டை மாடிக்குப் போவார். "என் பக்கத்துல உக்கார இவ்வளவு சுத்தம் பார்த்தது கிடையாது" என்பார் அத்தை.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவிலேயே காய்ச்சல் வந்தது. மளிகைக் கடைக்காரரின் மகள் மருத்துவமனையில் கிடந்தாள். வாரம் ஒருமுறை தெருவுக்குப் புகை அடிக்க உத்தரவு வந்தது. காலையில் அடிப்பதாக இருந்ததை, தேனீக்கள் மேயப் போகும் நேரம் என்று சொல்லி, மாமா பொழுது சாய்ந்த பிறகு என்று மாற்றிக் கேட்டார்.

மேற்பார்வையாளர் சிரித்தார். "கொசுவுக்கு எமன், தேனீக்கு அப்பனா? சரி, சாயங்காலமே அடிச்சுக்கோ."

அன்று தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு மாமா பெட்டி வாசல்களைக் கம்பி வலையால் மூடினார். காற்றுக்கு வழி விட்டு, நனைத்த சாக்குகளைப் போர்த்தினார். பிறகு போய்ப் புகை அடித்தார். மறுநாள் வெயில் ஏறியதும் சாக்கை விலக்கினோம். ஓரப் பெட்டியின் வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன; அந்தப் பெட்டியே போயிற்று. மற்ற இரண்டிலும் அங்கங்கே சில.

புகை உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்தார். அடுத்த வாரம் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டார், தண்ணீரும் அதிகம் ஊற்றினார். இந்த முறை இன்னொரு பெட்டியும் போயிற்று. மிஞ்சியது, மீட்டர் பெட்டியிலிருந்து வந்த முதல் கூட்டம் மட்டும்.

மாமா அன்று சாப்பிடவில்லை. "வேற எங்கயாவது வேலை தேடவா?" என்று கேட்டார்.

"தேடுங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சாக்கைக் காயப் போடுறேன், விடுங்க" என்று அத்தை மாடியேறினார். கொடியில் போடக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இந்தச் சாக்கு ஏதுங்க?"

"கிடங்குல சும்மா கிடந்துது. அலசித்தான் கொண்டாந்தேன்."

"நீங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல உங்க சட்டையில ஒரு நாத்தம் வருமே, அதே நாத்தம்."

மாமா சாக்கை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார்.

எனக்குத் தெரிந்தது. மூக்கை அறுக்கும் மருந்து நெடி. அது கிடங்கில் மருந்து டப்பாக்களுக்கு அடியில் விரித்துப் போட்டிருந்த சாக்கு. நனைக்க நனைக்க ஊறியிருந்த மருந்து ஈரத்தோடு வலை வழியாகச் சொட்டியிருக்கிறது. தேனீக்கள் அதைக் குடித்திருக்கின்றன. வருடக்கணக்காக அந்த நெடியிலேயே வேலை பார்த்த மாமாவுக்கு அது வாசனையாகவே படவில்லை. குளிப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர், போர்த்தும் துணியில் கோட்டை விட்டார்.

அடுத்த வாரம் அத்தை பழைய படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்துக் கொடுத்தார். மாமா அதை நனைத்துக் கடைசிப் பெட்டியைப் போர்த்தினார். "நம்ம வீட்டை மட்டும் விட்டுட்டு அடிச்சா என்ன?" என்றேன்.

"கடைக்காரர் பொண்ணு இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கு. என் வீட்டை விட்டுட்டு அவர் வாசல்ல போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தைத் தூக்கினார். எங்கள் வீட்டு வாசலிலும் சாக்கடையிலும் ஒழுங்காகப் புகை அடித்தார். மாடியை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

காலையில் வலையை எடுத்தது அத்தை. மாமா படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். முதலில் ஒரு தேனீ வந்து விளிம்பில் நின்றது. பின்னால் இன்னும் நாலைந்து. பிறகு வழக்கம்போல நெரிசல்.

"உங்க பொண்ணுங்க வேலைக்குக் கிளம்பிட்டாங்க. நீங்க கிளம்பலயா?" என்றார் அத்தை.

மளிகைக் கடைக்காரரின் கேள்விக்கு மாமாவே பதில் சொன்னார். "வளர்க்கலாங்க. மூக்கை மட்டும் வீட்டுக்காரிகிட்ட கடன் வாங்கிக்கணும்."

தேனீ வளர்ப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். சுத்தமான துணிதானா என்று ஒரு தடவை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் புகை அடிப்பவரைப் பார்த்தால் அவரிடமும் சொல்லுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு வருகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் போதும், தேனீ வளர்ப்பவர்கள் பெட்டியை மூடி வைத்துக்கொள்வார்கள்.