வேப்ப மரச் சட்டத்தில் ஒரு பந்தயக் கார்

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறியவர்கள் நாங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், இங்கே உழவு இயந்திரங்களையும் தண்ணீர்ப் பம்புகளையும் திருத்தினார். மல்லாவியில் ஒரு வயற்காரர் வீட்டுக்கு அப்படிப் போனபோது நானும் கூடப் போனேன். அவருடைய நெல்லுக் கொட்டிலில்தான் அந்தப் பந்தயக் கார் கிடந்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை இல்லை. மூக்கு மட்டும் நீளம். இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"துரை ஒருத்தரிட்ட வாங்கினது. என்ர கலியாணத்துக்கு இதிலதான் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்தனான்," என்றார் வயற்காரர். "இப்ப கோழியளுக்குத்தான் உதவுது. விருப்பமெண்டா இழுத்துக்கொண்டு போங்கோ."

என் கணவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அடுத்த கிழமை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அயலில் சிரிக்காதவர்கள் இல்லை. பக்கத்து வளவு அக்கா வேலியில் கைவைத்துக் கேட்டார்: "இதில நெல்லு மூட்டை ஒண்டுகூட ஏத்தேலாதே. என்னத்துக்குத் தங்கச்சி?"

"ஓடுறதுக்குத்தான் அக்கா," என்றேன்.

காரின் தகரத்துக்கு உள்ளே மரச் சட்டம். அதைக் கறையான் தின்று முடித்திருந்தது. வேம்பைக் கறையான் தொடாது என்று அறுத்த வேப்பம் பலகை எடுத்தோம். அழுகின துண்டுகளை மண்ணில் பொருத்திவைத்து நான் அளவு எடுப்பேன். அவர் வெட்டுவார். தளத்துக்குத் தார்ப் பீப்பாவை வெட்டித் தட்டையாக்கினோம். இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு நாளும் சுற்றிப் பார்த்தோம். ஒரு காலை அது அசைந்தபோது அவர் கையைத் துடைக்காமலே என் தோளைப் பிடித்தார். சட்டையில் பட்ட கறை கடைசிவரை போகவில்லை. மடக்கும் கூரைச் சீலையையும் இருக்கைகளையும் நான் தைத்தேன். மெசினில் ஊசி முறிந்துகொண்டே இருந்ததால் பாதியைச் சாக்கு ஊசியால் கையாலேயே தைத்தேன்.

எல்லாம் பூட்டியும் எஞ்சின் தொடர்ந்து ஓடவில்லை. இயங்கும், இருமும், பெற்றோல் வழியும், அணையும். பெற்றோலின் அளவைக் காக்கும் பித்தளை மிதவையைக் கழற்றி அவர் காதருகே குலுக்கினார். உள்ளே பெற்றோல் சலசலத்தது.

"எங்கயோ ஓட்ட இருக்கு புள்ள. கண்ணுக்குத் தெரியல."

அடுப்பிலிருந்து தூரமாக முற்றத்தில் ஒரு சட்டி சுடுதண்ணீர் வைத்து மிதவையை அதற்குள் அமுக்கினேன். ஓர் ஓரத்திலிருந்து குமிழி வந்தது. "இந்தா பாருங்க," என்றேன். உள்ளே இருந்த பெற்றோல் முழுவதும் போனபின் அந்த இடத்தில் ஈயம் பற்றவைத்தார். அன்று பின்னேரம் எஞ்சின் அணையவேயில்லை. வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஓட்டுவது யார் என்பதில் பேச்சே இல்லை. பிரிக்கவும் பூட்டவும் தெரிந்தவருக்கு ஸ்டியரிங் பிடிக்கப் பயம். நான் வயலில் உழவு இயந்திரம் ஓட்டிப் பழகியவள். இந்தக் காருக்காகவே லைசன்சும் எடுத்திருந்தேன். பச்சை வர்ணம் காய்ந்ததும் மல்லாவிக்கு விட்டோம்.

வயற்காரர் வெளியே வந்து காரைச் சுற்றி நடந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ தம்பி."

"ஓட்டுறது அவங்கதான் ஐயா," என்று என் கணவர் இறங்கி இடம் விட்டார்.

வயற்காரர் என் பக்கத்தில் அமர்ந்தார். சந்தைக்குள் மெதுவாகப் போனேன். தார் ரோட்டுக்கு வந்ததும், "பிள்ளை, இது மாட்டு வண்டில் இல்லை," என்றார். மிதித்தேன். காற்றில் அவருடைய சால்வை பின்னால் பறந்து போனது. எடுக்க நிறுத்தவா என்று கேட்டேன்.

"விடுங்கோ. போங்கோ," என்றார்.

வயற்காரரை விட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பரந்தன் தேநீர்க் கடையில் நிறுத்தியபோது ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். எந்த கராஜில் செய்தது என்று ஒருவர் என் கணவரிடம் கேட்டார். வாயில் வடையோடு அவர் என்னைக் கைகாட்டினார்.

"கராஜ் இல்லீங்க. வீட்டுல, நாங்க ரெண்டு பேரும் செஞ்சது," என்றேன்.

நான் தேநீரைக் குடித்து முடிக்க அவசரப்படவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றிருந்தது.