ஆங்கிலத்திலேயே இல்லாத ஐந்து சொற்கள்

மூன்று வருடத்துக்கு முன், ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருந்த ஐப்பசியில், போடிநாயக்கனூரில் நடந்தது இது. அப்போது நான் ஓர் ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரசுத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, பணி ஆணைக்குக் காத்திருந்த நேரம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரித்து, என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை என் கையில்.

அந்த நாட்களில் இன்னொரு காரியமும் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் ஏறி, மேலே எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போவார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் அரசுத் தேர்வுக்குப் படித்தார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தரும் வேறு சொல்லைக் கேட்கும் கேள்விகள்தான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. படிக்கக் கிடைப்பதோ ஜீப்பில் போகிற நேரம் மட்டும். போடிமெட்டு வளைவுகளில் ஏறத் தொடங்கினால் போனில் ரேஞ்சு இருக்காது. அதனால் நெட் இல்லாமலே வேலை செய்கிற மாதிரி, சொற்களை முழுசாக உள்ளே வைத்து ஒரு சின்ன ஆப் செய்தேன். வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டு செய்தது என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் வினை. இலவசம் என்று போட்டுத் தேடினேன். ஒரு வெளிநாட்டு அகராதித் தளம் வந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. ஏலக்காய்க் கடையில் ஊறிப்போன புத்தி எனக்கு. எங்கள் ஊரில் ஏலக்காயை ஏலம் விடும்போது சாம்பிள் வந்தால் ஆளுக்கு ஒரு பிடி அள்ளுவார்கள், உரித்துப் பார்ப்பார்கள், வாயில் போடுவார்கள், மிச்சத்தைக் கீழே கொட்டுவார்கள். ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பார்க்க வைத்தது எல்லாம் எடுக்கவும் வைத்தது என்றே நினைத்துவிட்டேன். தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சொற்களை அள்ளி ஆப்பில் போட்டேன். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி அதை நெட்டில் ஏற்றியும் விட்டேன்.

ஒருநாள் மதியம் கடையில் இருந்தபோது அந்த மெயில் வந்தது. எங்கள் சொற்தொகுப்பை அனுமதியில்லாமல் எடுத்திருக்கிறீர்கள், பத்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வழக்கு என்ற ஒரு சொல்தான் கண்ணில் நின்றது. போலீஸ் விசாரணைக்கு வரப்போகிற நேரத்தில் என்மேல் வழக்கா? வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. கடை வாசலில் புல்லட் பைக் சத்தம் கேட்டால் போலீஸோ என்று எட்டிப் பார்த்தேன். ஜீப் ஓட்டும் என் அண்ணன், சாயங்காலம் லோடு இறக்க வந்தவர், முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

“என்னாத்தா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? மேலுக்கு முடியலையா?”

தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். பல புத்தகங்களைப் பார்த்து நானே தொகுத்தேன் என்று பதில் எழுதினேன். அனுப்பப் போகும்போதுதான், அவர்கள் மெயிலோடு இணைத்திருந்த தாளைத் திறந்து பார்க்கத் தோன்றியது. அதில் ஐந்து சொற்கள். இவை ஆங்கிலத்திலேயே கிடையாது, எங்கள் தொகுப்பைத் திருடுபவர்களைப் பிடிக்க நாங்களே உருவாக்கி உள்ளே வைத்தவை என்று குறிப்பு. என் ஆப்பில் தேடினேன். ஐந்தும் இருந்தன. அன்றைக்குப் பயந்த மாதிரி அதுவரை நான் எதற்கும் பயந்ததில்லை.

யாரிடம் சொல்வது? ஆப் செய்பவர்கள் சந்தேகம் கேட்கும் ஓர் இணையதளத்தில், ஊர் பேர் இல்லாமல் நடந்ததை எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். திட்டவில்லை. ஆப்பை இப்போதே எடுத்துவிடுங்கள், செய்ததை அப்படியே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள் என்றார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமம் எழுதியே வெளியிட்ட ஆங்கிலச் சொற்தொகுப்பு ஒன்றின் முகவரியையும் தந்தார். ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கியது. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் போதுமாம். அதிலும் முதலில் உரிமத்தைப் படித்துவிட்டுத்தான் சொல்லைத் தொட வேண்டும் என்று முடித்திருந்தார்.

எழுதி வைத்திருந்த பொய்யை அழித்துவிட்டு, அவர் சொன்னபடியே செய்தேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, போலீஸ்காரர் ஒருவர் கடைக்குள் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார். எழுந்து நின்றேன். வேலைக்கான விசாரணைதான். என்மேல் கேசு ஏதும் உண்டா என்றார். இல்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். பயத்தில் எல்லாவற்றையும் கொட்டி, மெயிலையும் காட்டிவிட்டேன். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“கேசு போட்டா எங்களுக்குத் தாக்கல் வரும்மா. இது வெறும் மெயிலு. பதில் எழுதிட்டீங்கள்ல? போய் சோலியப் பாருங்க.”

கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அந்த நிறுவனத்திலிருந்து மூன்று வரி வந்தது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி, இத்தோடு முடித்துக்கொள்கிறோம். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அந்த மாதமே பணி ஆணையும் வந்தது.

ஆனால் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, அந்த ஐந்து சொற்களையும் சொன்னேன். அவர்களில் ஓர் அக்கா, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தன் நோட்டைத் திறந்தார். ஐந்தில் மூன்றை எழுதி வைத்து, அடியில் கோடும் போட்டிருந்தார். காய்க்கறை படிந்த விரலால் பேனாவைப் பிடித்து மூன்றையும் அடித்தார். கோபப்படவில்லை.

“சரி தங்கச்சி, இந்த மூணும் பொய்யி. மத்ததெல்லாம் நெசந்தான?”

அந்தப் பல்கலைக்கழகத் தொகுப்பைத் திறந்து, அவர் நோட்டில் இருந்த மற்றச் சொற்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க உட்கார்ந்தேன். அந்த மெயில் தந்த பயம் பத்து நாளில் போய்விட்டது. நான் சொல்வதை நம்பி ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளும்போது வருகிற பயம் இன்றும் இருக்கிறது. அது போக வேண்டாம் என்றே நினைக்கிறேன்.